கோடு முறிந்த இடம்

மெரிபேங்கில் எங்கள் தெருக்களுக்கெல்லாம்
கடல் தாண்டிய ஊர்களின் பெயர்கள்.
நாங்கள் யாரும் அந்த ஊர்களைப் பார்த்ததில்லை.
தெற்கிலிருந்து காற்றடித்தால்
எல்லாத் தெருவுக்கும் ஒரே வாசனை:
கந்தகம், ஈரக் காகிதக் கூழ்.

பழைய மெத்தைக் கடைதான் பள்ளிக்கூடம்.
மொத்தம் முப்பத்தியொரு பிள்ளைகள்.
விலைப்பட்டியல் ஒட்டியிருந்த பசைத்தடம்
சுவரை விட்டு இன்னும் போகவில்லை.
அதன் மேலேயே முக்கோணம் வரைந்திருக்கிறார்கள்.
சேர்க்கப் போன அன்று நான் கேட்டது ஒன்றுதான்:
"கணக்கில் எத்தனை பேர் எண்பதுக்கு மேல்?"
சொன்னார்கள்.
பணம் கட்டினேன்.

ஆகஸ்டில் குபேஷன் ஒரு கட்டு அட்டையோடு வந்தான்.
வெள்ளை அட்டை, மேலே வாஸ்லின் பூச்சு.
ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் தொங்கவிட்டான்.
இருபத்திரண்டு வீடுகளில், பதினாலு நாள்,
நாளுக்கொரு அட்டை.
ஒட்டுகிற கரித்துகள்
சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை என்று
லென்ஸ் வைத்து எண்ண வேண்டுமாம்.
"இதற்கு மார்க் உண்டா?" என்றேன்.
"எண்ணிக்கொண்டிருக்கிறேன், மா" என்றான்.

ஒன்பதாம் நாள் இரவு
சின்னவள் திருஷாவுக்கு இழுப்பு.
பார்த்தவர்களுக்குத் தெரியும்:
விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போகும்,
ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு செலவாகும்.
ஜன்னலை அறைந்து சாத்தினேன்.
மூன்று நாள் நெபுலைசர் இரைந்தது.
அட்டை கயிற்றோடு உள்ளே வந்து
அழுக்குத் துணிக்கூடையில் விழுந்ததை
வேலைக்குப் போய்
யூனிஃபார்மில் கறையைக் கண்டபிறகுதான் கவனித்தேன்.

அவன் நோட்டில் அந்த மூன்று நாளுக்கும்
எண்கள் இருந்தன.
நாற்பத்தொன்று. நாற்பத்துமூன்று. நாற்பத்திரண்டு.
அழகான கையெழுத்து.

டீச்சர் கண்டுபிடிக்கவில்லை.
மூன்று வீடு தள்ளியிருக்கும் நொம்ஃபுண்டோதான் கேட்டாள்:
"எங்களுக்கு அந்த நாள் எழுபத்தெட்டு.
உங்கள் வீட்டுக்கு மட்டும் வேறு காற்றா?"

நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்களாம்.
இருபது நிமிடம் அவன் வாய் திறக்கவில்லையாம்.
யாரும் எழுந்து போகவுமில்லை,
யாரும் அவன் முகத்தைப் பார்க்கவுமில்லை.
கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னானாம்:
"பொய்யாக எழுதவில்லை.
எண்ணித்தான் எழுதினேன்.
தங்கையின் மூச்சை.
ஒரு நிமிடத்துக்கு."

நான் அந்த இரவுகளில்
தூங்குடா என்று மூன்று முறை அதட்டினேன்.
போர்வைக்குள் அவன் கைக்கடிகாரம்
பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.
விளையாட்டு என்று நினைத்தேன்.

பிறகு அவர்கள் சண்டை போட்டார்கள்,
கணக்குக்காக.
பக்கத்து வீடுகளின் சராசரியை நிரப்பலாம் என்றான் ஒருவன்.
நிரப்பினால் அது நம் ஊகம், அளவு அல்ல என்றாள் நொம்ஃபுண்டோ.
எண் சரி, எழுதிய கட்டம்தான் தப்பு என்றது இன்னொரு குரல்.
சரி, மூச்சை வரைபடத்தில் சேர்க்கலாமா?
அது அவள் மூச்சு,
அவளிடம் கேட்டு வா என்றார்கள்.
ஏழு வயதுக்காரி
தோசையை மென்றுகொண்டே யோசித்தாள்.
"போடு. பேர் வேண்டாம்."

நான் சூப்பர்மார்க்கெட்டில் இரவுக் கல்லாவைச் சரிபார்ப்பவள்.
கட்டம் காலியாக இருந்தால்
யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.
கண்காட்சியில் அந்த வரைபடத்தின் முன்னே நின்றபோது
முதலில் என் கண் தேடியதும் திருடனைத்தான்.
எட்டாம் நாள் வரை கறுப்புக் கோடு ஏறுகிறது.
முறிகிறது.
முறிந்த இடத்தில், பெயரில்லாமல்,
மூன்று நீலப் புள்ளிகள்.
பன்னிரண்டாம் நாள் கோடு மறுபடி தொடங்குகிறது.

என் பக்கத்தில் நின்ற ஒருவர்
"மெஷின் கெட்டுப்போயிருக்கும்" என்றார்.
நான் திருத்தவில்லை.
திருஷா என் விரலைப் பிடித்திருந்தாள்.

ரிப்போர்ட் வந்தது. அறிவியல்: அறுபத்தெட்டு.
மீதி முப்பத்திரண்டு எங்கே என்று கேட்டேன்.
ஆமாம், இவ்வளவுக்குப் பிறகும் கேட்டேன்.
"கட்டம் மாற்றி எழுதியதைச் சொல்லாமல் மறைத்தேனே,
அதற்குப் பத்து போச்சு. நியாயம்தான்.
மற்றதெல்லாம் கூட்டல் பிழை, மா."

அடுப்பில் பருப்பு பொங்குகிறது.
காற்று திரும்பியிருக்கிறது, மூக்குக்குத் தெரிகிறது.
கரண்டியை வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடுகிறேன்.
அவன் எனக்கு முன்னே அங்கே நிற்கிறான்,
ஒரு கை தாழ்ப்பாளில்,
மறு கையில் அட்டை.